இருபது நொடி மௌனம்: நேரலையில் பார்வையாளர் ஏன் பேசுவதில்லை

நேரலை நடத்துகிறவர் கேமராவைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா? சாட்ல சொல்லுங்க" என்கிறார். திரையின் ஓரத்தில் சாட் அசையாமல் நிற்கிறது. நான்கு நொடி, ஐந்து நொடி காத்திருக்கிறார். முகத்தில் சங்கடம் படர, "சரி, யாரும் பேச மாட்டேங்கறீங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்று விளையாட்டுக்கோ சமையலுக்கோ திரும்பிவிடுகிறார். அதன் பிறகு, ஏறத்தாழ இருபதாவது நொடியில், "சாப்டாச்சு ப்ரோ, இட்லி" என்று ஒரு வரி வந்து விழுகிறது. அவர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பேச்சு அதற்குள் வேறெங்கோ போயிருக்கும். பதில் எழுதிய அந்த ஒருவர் அன்றைக்கு இன்னொரு முறை எழுதுவது சந்தேகம்தான்.

யூடியூபிலும், விளையாட்டு நேரலைகளுக்குப் பெயர்பெற்ற ட்விட்ச் தளத்திலும் சிறிய அளவில் நேரலை நடத்துபவர்களிடம் பேசினால், பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாக வரும் புலம்பல் இதுதான்: "பார்க்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்." இதற்குக் காரணமாக அவர்கள் சொல்வது பெரும்பாலும் பார்வையாளரின் கூச்சம் அல்லது ஆர்வமின்மை. ஆனால் நேரலை இயங்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால், அந்த மௌனத்தின் பெரும்பகுதி பார்வையாளரின் மனத்தில் பிறப்பதில்லை என்பது புலப்படும். அதில் ஒரு பகுதியைத் தொழில்நுட்பம் உண்டாக்குகிறது, மற்றொரு பகுதியைக் கேள்வி கேட்கப்படும் விதம் உண்டாக்குகிறது. பேசச் சொல்லி மன்றாடுவதால் இவ்விரண்டும் மாறுவதில்லை.

முதலில் அந்த இருபது நொடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கேமராவில் பதிவாகும் படம் நேராகப் பார்வையாளரின் கைப்பேசிக்குப் போய்விடுவதில்லை. அது நிறுவனத்தின் சர்வருக்குப் போய், பல தெளிவுநிலைகளில் மறுபடி உருவாக்கப்பட்டு, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, பல ஊர்களில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பப்பட்ட பிறகுதான், பார்வையாளரின் கருவி அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுகிறது. இத்தகைய ஒளிபரப்புக்குப் பரவலாகப் பயன்படும் எச்.எல்.எஸ். என்ற முறையை ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்தது. ஒரு துண்டின் நீளம் 10 நொடி இருக்கலாம் என்று தொடக்கத்தில் பரிந்துரைத்த அந்நிறுவனம் பிற்பாடு அதை 6 நொடியாகக் குறைத்தது. இணைய வேகம் இடையில் தளர்ந்தாலும் படம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, கருவி வழக்கமாக மூன்று துண்டுகள் பின்தங்கியே ஓடத் தொடங்கும். பத்து நொடித் துண்டுகள் மூன்றென்றால் அரை நிமிடம் அங்கேயே போய்விடுகிறது. ஆறு நொடித் துண்டுகள் என்றாலும் பதினெட்டு நொடி.

கிரிக்கெட்டைக் கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர்கள் "அவுட்" என்று கத்தி முடித்த பிறகுதான் நம் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். அங்கே நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அது வெறும் எரிச்சலோடு போய்விடுகிறது. நேரலைச் சாட்டிலோ படமும் எழுத்தும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. சாட்டில் இடும் எழுத்தை யாரும் நறுக்குவதில்லை, சேமித்து வைப்பதில்லை. அது ஓரிரு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். படம் பாசஞ்சர் ரயிலில் வருகிறது, பதில் எக்ஸ்பிரஸில் போகிறது. ஆனால் பாசஞ்சர் வந்து சேராமல் எக்ஸ்பிரஸ் கிளம்ப முடியாது.

மனிதப் பேச்சில் இந்தத் தாமதம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான மொழியியல் ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. அதற்குப் பழகிய மனம் மூன்று நொடி மௌனத்தையே மறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. நேரலையிலோ படம் போய்ச்சேரப் பதினைந்து நொடி, கேட்டவர் யோசிக்க இரண்டு நொடி, கைப்பேசியில் தட்டச்சு செய்ய ஐந்தாறு நொடி என்று எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இருபது நொடியைத் தாண்டிவிடுகிறது. நான்காவது நொடியில் மனம் தளர்கிற நேரலையாளர், தன் கேள்வி இன்னும் யாருடைய காதிலும் விழாத நேரத்தில் அதற்குப் பதில் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

இதைத் தணிக்க நிறுவனங்கள் வழி செய்திருக்கின்றன. யூடியூபில் நேரலையை அமைக்கும்போதே தாமதத்தின் அளவைத் தேர்ந்துகொள்ளலாம். குறைந்த தாமதம் என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலான பார்வையாளர்களுக்குப் பத்து நொடிக்குள்ளும், மிகக் குறைந்த தாமதம் என்பதைத் தேர்ந்தால் ஐந்து நொடிக்குள்ளும் படம் போய்ச்சேரும் என்கிறது அந்நிறுவனம். ட்விட்ச்சிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. விலை இல்லாமல் இல்லை: மிகக் குறைந்த தாமதத்தில் 4கே தெளிவு கிடைக்காது, கையிருப்பில் உள்ள துண்டுகள் குறைவதால் சிக்னல் மங்கிய இடத்தில் இருப்பவருக்குப் படம் விக்கி விக்கி ஓடும். சமையலோ விளையாட்டோ உரையாடலோ நடத்துகிற சிறிய நேரலைக்கு இந்த விலை கொடுக்கத் தக்கது என்பது என் கருத்து. கோவில் தேரோட்டத்தை ஒளிபரப்புகிறவருக்கு அப்படியில்லை, அங்கே யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அமைப்பை மாற்றிய பிறகும் சில நொடிகள் மிஞ்சும். தொலைக்காட்சிச் செய்தியில் ஸ்டூடியோவிலிருந்து கேட்ட கேள்வி காதில் விழும் வரை களத்தில் நிற்கும் செய்தியாளர் மைக்கைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கு அந்த இடைவெளி தொழிலின் ஒரு பகுதி. நேரலையில் பழகியவர்களும் இப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்காமல், அதே கேள்விக்குத் தாங்கள் என்ன பதில் சொல்வோம் என்பதைப் பேசத் தொடங்குகிறார்கள். "நான் இன்னைக்கு ரெண்டு தோசையோட நிறுத்திட்டேன், ஏன்னா மாவு புளிச்சுப் போச்சு" என்று அரை நிமிடம் ஓட்டும்போது, முதல் பதில் வந்து சேர்கையில் பேச்சு இன்னும் அந்த இடத்திலேயே இருக்கிறது. பார்வையாளருக்கும் தன் பதில் காலம் கடந்து போய்ச் சேர்ந்தது என்ற கூச்சம் வருவதில்லை.

இந்தச் சாட் என்பதே நேரலையை விட வயதில் மூத்தது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988இல் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்ற, எழுத்து மட்டுமே உள்ள இணைய உரையாடல் முறையின் மேல்தான் ட்விட்ச்சின் சாட் கட்டப்பட்டது. இன்றும் பழைய ஐ.ஆர்.சி. மென்பொருள் வழியாக அதற்குள் நுழைய முடியும். ஐ.ஆர்.சி. அறைக்குள் வருபவர் பேசுவதற்காகவே வருவார். அங்கே பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் தன் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தொடங்கிய ஜஸ்டின் டாட் டிவியும், அதிலிருந்து 2011இல் பிரிந்த ட்விட்ச்சும் அந்தப் பேச்சறையைக் கொண்டுவந்து ஒரு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பொருத்தின. தொலைக்காட்சியைப் பார்ப்பவருக்கோ பேசாமல் பார்ப்பதுதான் இயல்பு. இரண்டு வேறு பழக்கங்கள் ஒரே திரையில் அருகருகே அமர்ந்திருக்கின்றன என்பதை மறந்துவிட்டால், சும்மா பார்ப்பவரைக் குறையுள்ளவராக நினைக்கத் தோன்றும்.

எண்ணிக்கையும் இங்கே கணக்கில் வர வேண்டும். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பங்களிப்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் யாகோப் நீல்சன் 2006இல் எழுதியது பரவலாக அறியப்பட்ட தோராயக் கணக்கு. நேரலையில் விகிதம் இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் திசை இதுதான். வருமானத்தில் பங்கு தரும் அஃபிலியேட் திட்டத்தை ட்விட்ச் 2017இல் தொடங்கியபோது வைத்த தகுதிகள் 50 பின்தொடர்வோர், முப்பது நாளில் 500 நிமிட ஒளிபரப்பு, ஏழு வெவ்வேறு நாட்கள், சராசரியாக ஒரே நேரத்தில் மூன்று பார்வையாளர்கள் என்பவை. மூன்று பேர் என்பது எட்ட வேண்டிய இலக்காக இருந்தது என்றால், பெரும்பாலோர் அதற்கும் கீழே இருந்தார்கள் என்பது பொருள். மூன்று பேரில் பத்தில் ஒரு பங்கு என்பது ஆளே இல்லை. ஆகவே எட்டுப் பேர் பார்க்கும் நேரலையில் ஒருவர் மட்டும் பேசினால் அது தோல்வியல்ல, கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டியதுதான்.

பார்வையாளர் இருக்கும் இடத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்க்கிறார்கள். கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் படம் பெரிதாகும், சாட் பெரும்பாலும் மறைந்துவிடும். பேச விரும்புகிறவர் மறுபடி திருப்ப வேண்டும், தட்டச்சுப் பலகை வந்து பாதித் திரையை மறைக்கும், அதற்குள் காட்சி நகர்ந்துவிடும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் கையில் ரிமோட்தான் இருக்கிறது. சமையலறையில் காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவரின் கை ஈரமாக இருக்கிறது. இதற்கு மேல் தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதா என்ற தயக்கம் வேறு. பிழையோடு எழுதினால் சிரிப்பார்களோ என்று பின்வாங்குபவர்கள் இளைஞர்களிலும் உண்டு. கடைசியாக, அலுவலகத்துக்கும் குடும்பத்துக்கும் தெரிந்த அதே கூகுள் கணக்கின் பெயரும் படமும் எல்லார் முன்னும் தோன்றுமே என்ற எண்ணம். இத்தனைப் படிகளையும் ஏறி வந்து ஒருவர் "வணக்கம்" என்று எழுதுகிறார் என்றால் அது சிறிய காரியம் அல்ல.

எனவே பேச வைப்பது என்பதன் நடைமுறைப் பொருள், இந்தப் படிகளில் சிலவற்றையாவது இடித்துத் தள்ளுவதுதான். இதை நம்மிடையே முதலில் கண்டுகொண்டவர்கள் பொழுதுபோக்கு நேரலையாளர்கள் அல்லர், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. டி.என்.பி.எஸ்.சி. நேரலை வகுப்பு எதையாவது பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஆசிரியர் கேள்வியைப் படிக்கிறார், நான்கு விடைகளையும் படிக்கிறார், "ஆன்சர் என்னன்னு கமெண்ட்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். சாட் "பி", "பி", "சி", "பி" என்று நிரம்பி வழிகிறது. அங்கே கூச்சமுள்ளவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஓர் எழுத்தைத் தட்டினால் போதும் என்பதும், பிழையாக எழுத வழியே இல்லை என்பதும், பலகையில் எழுதும் நேரம் தாமதத்தை விழுங்கிவிடுகிறது என்பதும் சேர்ந்துதான் அந்த வெள்ளத்தை உண்டாக்குகின்றன.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வி இதற்கு நேர் எதிரானது. எல்லாரையும் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விரல் நின்றுவிடுகிறது. "சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா? முருங்கைன்னா 1, கத்தரின்னா 2" என்றால் அதே ஆள் சிந்திக்காமல் ஒரு எண்ணைத் தட்டுவார். ஒரு முறை தட்டிய விரல் இரண்டாம் முறை எளிதாகத் தட்டும். "கத்தரிக்காய்ல என்னங்க சாம்பார்" என்று மூன்றாவது ஆள் எழுதும்போதுதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. அந்த எண்கள் அதற்கு வாசலைத் திறந்து வைப்பதோடு சரி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் முதலில் வந்த நான்கைந்து பேர் "பி" என்று போட்டுவிட்டால், பின்னால் வருபவர்கள் தங்களுக்குச் "சி" என்று பட்டாலும் "பி" போடுகிறார்கள்; ஆசிரியருக்கு யார் புரிந்துகொண்டார்கள் என்று தெரியாமல் போகிறது. யூடியூபும் ட்விட்ச்சும் தரும் வாக்கெடுப்பு வசதி இந்த இடத்தில் உதவும், ஏனெனில் யார் எதைத் தேர்ந்தார் என்பது மற்ற பார்வையாளர்களுக்குத் தெரிவதில்லை. பெயர் வெளியே தெரியாமல் பங்கெடுக்க விரும்புகிறவர்களுக்கும் அதுவே முதல் படியாகிறது.

பெயர் தெரியாவிட்டால் மக்கள் எவ்வளவு பேசுவார்கள் என்பதற்கு ஜப்பானின் நிகோநிகோ ஒரு பெரிய சான்று. 2006 டிசம்பரில் தொடங்கிய அந்தக் காணொளித் தளத்தில் பார்வையாளர் எழுதும் வரிகள் பக்கத்துப் பெட்டியில் அல்ல, படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும். எழுதியவர் பெயர் அதில் இருக்காது. சூடான கட்டத்தில் எழுத்துகள் படத்தையே மறைத்துவிடும் என்பதால், விளையாட்டுகளில் குண்டுமழையைக் குறிக்கும் 'டன்மாக்கு' என்ற சொல்லையே அதற்கு வைத்துவிட்டார்கள். சீனாவில் 2009இல் வந்த பிலிபிலி அந்த வடிவத்தை அங்கே வேரூன்றச் செய்தது. நம் கண்ணுக்கு அது தொல்லையாகத் தெரியலாம். ஆனால் படத்தைப் பார்க்கிற கண் எழுத்தையும் பார்த்துவிடுகிறது, எழுதியவர் யாரென்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற இரண்டு காரணங்களால் அங்கே மௌனம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. சாட்டின் அமைப்பை மாற்றினால் அதே மனிதர்கள் வேறு அளவில் பேசுகிறார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

பெயரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் நம் நேரலைகளில் பெயர்தான் மிகப் பெரிய ஈர்ப்பு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டு ஒலிக்கும் முன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். அந்தப் பாட்டு எப்படியும் ஒலிக்கத்தான் போகிறது. இருந்தும் கடல் கடந்து அஞ்சலட்டை எழுதிப் போட்டவர்கள் காத்திருந்தது அந்த இரண்டு நொடிக்காக. நேரலையில் அஞ்சலட்டைக்கு வாரக்கணக்கு இல்லை, நொடிக்கணக்கு. இருந்தும் பல நேரலையாளர்கள் சாட்டை மனத்துக்குள் படித்துவிட்டு, "ஆமா ஆமா, அதுதான்" என்று பதிலை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். கேள்வியைக் கேட்டவருக்கே அது தனக்கான பதிலா என்று உறுதியாகத் தெரிவதில்லை. சாட் மறைந்த திரையில் பார்ப்பவர்களுக்கோ ஒன்றுமே விளங்குவதில்லை.

பெயரைச் சொல்லி, எழுதியதை வாய்விட்டுப் படித்து, பதில் சொல்லி, பிறகு அந்த ஆளிடமே ஒரு துணைக்கேள்வி கேட்பது என்ற வரிசை சிறிய நேரலைகளில் நன்றாகப் பலிக்கிறது. "செல்வி கேக்கறாங்க, புளிக்குப் பதிலா தக்காளி போடலாமான்னு. போடலாங்க, ஆனா கொதி நேரம் கூடும். நீங்க போடறது என்ன தக்காளிங்க, நாட்டுத் தக்காளியா?" என்பதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு வரி எழுதிய செல்வி இப்போது ஓர் உரையாடலுக்குள் வந்துவிட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருவர் தக்காளி விலையைப் பற்றி எழுதினால், "செல்வியும் இதைத்தான் சொன்னாங்க" என்று இருவரையும் இணைத்துவிடலாம். அவ்வாறு இணைக்கப்பட்டவர்கள் பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரலையாளரின் அனுமதி தேவைப்படுவதில்லை.

எதிர்ப்பாட்டு இல்லாமல் எந்தக் கலைஞரும் வெகுநேரம் தாங்க முடியாது என்பது நம் மேடைகளுக்கு எப்போதோ தெரியும். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் அமர்ந்தவர் "ஆமா" என்று போடுவார். கதை நகர்வதே அந்த ஆமாவின் மேல்தான். கூட்டம் எங்கே வியக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதற்கும் அதுவே குறிப்பு. நேரலையில் அந்த இடத்தை நிரப்பக்கூடியவர், சாட்டைக் கவனித்துக்கொள்ள நேரலையாளர் அமர்த்தும் மாடரேட்டர். பெரும்பாலும் அவரைக் காவல்காரராக மட்டும் நினைத்து, வசை எழுதுபவரை வெளியேற்றும் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் வரியை எழுதும் தயக்கத்தை மற்றவர்களிடமிருந்து எடுத்துவிடுவது அவருடைய இன்னொரு வேலையாக இருக்கலாம்: முதல் பதிலைப் போடுவது, புதிதாக எழுதியவரை வரவேற்பது, நேரலையாளர் தவறவிட்ட கேள்வியை மறுபடி எடுத்துக் காட்டுவது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்ச் சாட்டை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர்கள் அதேபோல் செய்கிறார்கள் என்றும், மாடரேட்டர் போன்ற மதிப்புள்ள நிலையில் இருப்பவர்களின் நடத்தை கூடுதலாகப் பின்பற்றப்படுகிறது என்றும் கண்டது. நல்ல கேள்வி நல்ல கேள்வியை இழுத்துவருகிறது, வசை வசையை இழுத்துவருகிறது.

இதற்கிடையில் பல புதிய நேரலையாளர்கள் செய்யும் ஒரு காரியம் நேர்மாறான பலனைத் தருகிறது. ட்விட்ச்சில் சாட்டில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலைத் திறந்து பார்க்க முடியும். அதைப் பார்த்து, ஒரு வரியும் எழுதாதவரைப் பெயர் சொல்லி வரவேற்பார்கள்: "வாங்க, உள்ள வந்து அரை மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் பேசலையே?" கடைக்குள் சும்மா பார்க்க நுழைந்தவரின் தோளில் விற்பனையாளர் கைபோட்டது போல இருக்கும் அது. பலர் அடுத்த நொடியே வெளியேறிவிடுகிறார்கள். ஆங்கில நேரலை வட்டாரங்களில் இது நாகரிகமற்றதாகக் கருதப்படுவதோடு, "நான் இருக்கிறேன், பேச மாட்டேன்" என்பதைத் தெரிவிக்க 'லர்க்' என்ற தனிக் கட்டளையையே பல சேனல்களில் அமைத்திருக்கிறார்கள். மௌனமாக இருக்க முறைப்படி ஒரு வழி கொடுத்தால் அதற்காகவாவது ஒரு வரி எழுதுகிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். யூடியூப் 2017 ஜனவரியில் கொண்டுவந்த சூப்பர் சாட், காசு கட்டியவரின் வரியை நிறம் கொடுத்துச் சிறிது நேரம் மேலே நிறுத்திவைக்கிறது. நேரலையாளருக்கு அது வருமானம். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு கட்டிய வரிகளை மட்டும் படித்து நன்றி சொல்லிக்கொண்டே போகும் நேரலையில் மற்றவர்கள் மெல்ல மெல்ல எழுதுவதை நிறுத்திவிடுவதை நான் பல முறை கவனித்திருக்கிறேன். படிக்கப்படாத வரியை யார் எழுதுவார்கள்?

கூட்டம் பெருகிவிட்டால் பிரச்சினையே தலைகீழாகிறது. 2014 பிப்ரவரி 12 அன்று ட்விட்ச்சில் தொடங்கிய ஒரு சோதனை இதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. போகிமான் விளையாட்டின் பழைய பதிப்பு ஒன்றை, சாட்டில் எழுதப்படும் சொற்களே இயக்குமாறு ஒரு நிரலாளர் அமைத்திருந்தார். 'மேலே', 'கீழே', 'இடது' என்று யார் எழுதினாலும் பாத்திரம் அப்படி நகரும். சில நாட்களில் ஒரே நேரத்தில் அறுபது எழுபது ஆயிரம் பேர் பார்க்கத் தொடங்கினார்கள். படம் ஏறத்தாழ இருபது நொடி பின்தங்கி வந்ததால், பழைய காட்சிக்கு எழுதிய கட்டளை புதிய காட்சியில் போய் விழ, பாத்திரம் மணிக்கணக்கில் ஒரே விளிம்பிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. பதினாறு நாள் கழித்து, மார்ச் 1 அன்று ஆட்டம் முடிந்தது. 11 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு கட்டளையாவது எழுதியிருந்தார்கள். ஒரு சொல் எழுதினால் திரையில் ஏதோ ஒன்று அசைகிறது என்பதற்கு மேல் அங்கே அழைப்பு எதுவும் தேவைப்படவில்லை. இருந்தும் அந்த முதல் வாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எழுதியவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவே என்று கணிக்கப்பட்டது. இதுவரை கண்டவற்றுள் மிகவும் கவர்ச்சியான அழைப்புகளில் ஒன்றுக்கே பத்தில் ஒன்பது பேர் வேடிக்கைதான் பார்த்தார்கள் என்பதை, எட்டுப் பேர் நேரலையில் வருந்துகிறவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சாட் உரையாடலாக இருக்க முடியாது. கிரிக்கெட் மைதானத்து ஆரவாரம் போல அதற்கு வேறு இலக்கணம். ஒரே சின்னத்தை எல்லாரும் திரும்பத் திரும்பப் போடுவதும், நேற்றைய நகைச்சுவையை இன்று எல்லாரும் ஒரு சேரச் சொல்வதும் அங்கே அர்த்தமுள்ள பேச்சு. அத்தகைய இடத்தில் நேரலையாளருக்குத் தேவைப்படுவது குறைவான பேச்சு. ஒருவர் இத்தனை நொடிக்கு ஒரு முறைதான் எழுதலாம் என்னும் மெதுநிலை, உறுப்பினர் மட்டும் எழுதலாம் என்னும் கட்டுப்பாடு, அண்மையில் எழுதப்பட்ட வரியை அப்படியே மறுபடி எழுத முடியாது என்னும் ட்விட்ச்சின் கட்டுப்பாடு ஆகியவை அதற்காகவே உள்ளன. பெரிய சேனல்களைப் பார்த்து முப்பது பேர் நேரலையில் மெதுநிலையைப் போட்டு வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களே சாட் நகரவில்லை என்றும் வருந்துகிறார்கள்.

மௌனத்துக்கு அச்சம் காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே மேலே சொன்ன எதுவும் உதவாது. 2021 ஆகஸ்ட்டில் ட்விட்ச்சில் கறுப்பினத்தவர், பாலினச் சிறுபான்மையர் போன்றோர் நடத்திய நேரலைகளுக்குள் நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள் ஒரே நேரத்தில் புகுந்து வெறுப்பு வரிகளைக் கொட்டின. அதை எதிர்த்து செப்டம்பர் 1 அன்று பலர் நேரலையையே நிறுத்திவைத்தார்கள். அந்த மாதக் கடைசியில், தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்திய கணக்குகள் மட்டும் சாட்டில் எழுத முடியும் என்று சேனல்கள் விதிக்கும் வசதி வந்தது. தமிழில் பெண்கள் நடத்தும் நேரலையைத் திறந்து முதல் ஐந்து நிமிடச் சாட்டைப் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அங்கே வேறு பெண் ஒருவர் எழுத வந்தால் அடுத்த வசை அவருக்குப் போகும் என்பதை அவரும் அறிவார். தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலில் தமிழ்ச் சொல்லை மட்டும் சேர்த்தால் போதாது. அதையே ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் சேர்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்குத் தெரியும். சலிப்பூட்டும் வேலைதான். சந்தேகத்துக்குரிய வரிகளை நிறுத்திவைத்து மாடரேட்டரிடம் காட்டும் வசதியும் யூடியூபில் உண்டு. அதை இயக்கினால் சாட் தொடக்கத்தில் மெலிந்துதான் போகும். சில வாரங்களில் முன்பு எழுதாதவர்கள் எழுதத் தொடங்குவார்கள்.

நேரலையாளரே பேச முடியாத நேரலைகளும் உள்ளன. இணைய விளையாட்டுப் போட்டிகளில் எதிரணி பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் தாமதத்தை வேண்டுமென்றே நிமிடக்கணக்கில் நீட்டுவார்கள். அங்கே சாட்டில் கேட்ட கேள்விக்குத் திரையிலிருந்து பதில் வராது என்று எல்லாருக்கும் தெரியும். பார்வையாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள், அதற்கு இருபது நொடித் தடையும் இல்லை, ஏனெனில் எழுத்துக்கு எழுத்து உடனே போகிறது. வாரத்தில் மூன்று நாள் குறித்த நேரத்தில் வருகிற சிறிய நேரலைகளிலும் இதன் சாயல் தென்படுவதுண்டு. நடத்துகிறவர் தண்ணீர் எடுக்க எழுந்து போகிறார், திரையில் வெறும் நாற்காலி தெரிகிறது. போன வாரம் முருங்கைக்காய்க்கு வாதாடியவர் வந்துவிட்டாரா என்று ஒருவர் கேட்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று இன்னொருவர் எழுதுகிறார். எந்த ஊர் என்று மூன்றாவது ஆள் கேட்கிறார், அவர் அன்று வரை ஒரு வரியும் எழுதியவர் அல்லர்.